தேய்ந்த முகம்

என் எழுத்து மேசையின்மீது ஒரு மரக்கட்டை இருக்கிறது. உள்ளங்கை அளவே உள்ளது. மை ஊறிக் கறுத்தது. ஓரத்தில் மூன்று சிறு துளைகள். மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. வீட்டிற்கு வரும் விருந்தினர் பலர், காகிதங்கள் பறக்காதிருக்க வைத்த பாரம் என்றே அதனை எண்ணுகின்றனர். கையில் எடுத்து, சாளரத்து வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பார்ப்பவர்க்கு மட்டும் அதில் ஓர் உருவம் தெரியும். பெண்ணொருத்தி இரு கைகளாலும் ஒரு துணியை விரித்துப் பிடித்திருக்கிறாள். அத்துணியில் முள்முடி சூடிய ஒரு முகம். சிலுவைப்பாதையின் ஆறாம் நிலை அது. வெரோணிக்காள் ஆண்டவரின் திருமுகத்தைத் துடைத்த காட்சி.

இக்கட்டை என் தந்தையார் எனக்கு விட்டுச் சென்றது. அவர் திருச்சிராப்பள்ளியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் அச்சுக் கோத்தவர். 1971ஆம் ஆண்டு அவ்வச்சகம் வேறிடம் மாறியபோது, இனிப் பயனில்லை என்று ஒதுக்கப்பட்ட பழைய படக்கட்டைகள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. அவற்றுள் ஒன்றை மட்டும் உரிமையாளரிடம் கேட்டு வாங்கி, வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வீடு வந்தார் தந்தையார். எங்கள் வீட்டுச் செபப் பீடத்தில், மாதா சுரூபத்தின் பக்கத்தில் அது இடம்பெற்றது.

"செதுக்குகிறவன் கோட்டைத் தொடுவதே இல்லை" என்று ஒருநாள் அவர் எனக்கு விளக்கினார். "கோட்டைச் சுற்றியுள்ளதைத்தான் எடுக்கிறான். எடுத்த இடமெல்லாம் வெள்ளை. விட்டுவைத்த இடம்தான் படம்." அச்சில் நேராக விழவேண்டிய உருவம் கட்டையில் இடம்வலம் மாறியிருக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். கட்டையின் உயரமும் ஈய எழுத்தின் உயரமும் ஒன்றாகவே இருக்கும். ஆதலால் எழுத்தையும் படத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி, ஒரே மையிட்டு, ஒரே அழுத்தில் எடுத்துவிடலாம். செப்புத்தகட்டுப் படம் அவ்வாறன்று. அதில் கோடு குழிவாக வெட்டப்படும். குழியில் தங்கிய மை தாளில் ஏறுவதற்குத் தனிப் பொறியும் தனி உழைப்பும் வேண்டும். எனவே செப்புத்தகடு செல்வர் வீட்டு நூலுக்கு உரியதாயிற்று. மரக்கட்டை ஏழையின் புத்தகத்தோடு உறவு கொண்டது.

"இதை வைத்து அச்சடித்த புத்தகம் எங்கே அப்பா?" என்று கேட்டேன். "நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்திய காலத்தது. எவர் வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கும்" என்றார். 1979இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அந்தப் பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்ற கேள்வி என்னோடு தங்கிவிட்டது. என் புத்தகச் சேகரிப்பு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது.

பள்ளியாசிரியன் ஒருவனுடைய ஊதியத்தில் அரிய நூல்களைச் சேர்ப்பது எளிதன்று. ஆனால் நான் தேடியவற்றை அன்று எவரும் அரியவை என்று கருதவில்லை. மெயின்கார்டு கேட் அருகிலும் பாலக்கரையிலும் இருந்த பழைய தாள் கடைகளில் அவை எடைக்கு வந்தன. அட்டை இழந்த செபப் புத்தகங்கள், அல்லி அரசாணி மாலை போன்ற அம்மானைகள், அரிச்சந்திரன் கதை, நல்லதங்காள் கதை, சிறுவர்க்கான அரிச்சுவடிகள். 1835இல் அச்சகம் வைத்திருப்பதற்கான தடைகள் நீக்கப்பட்ட பின்னர், நம்மவர் பலரும் அச்சுத் தொழிலில் இறங்கினர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் நிறுவிய கலைப்பள்ளியிலும் மரச்செதுக்கு கற்பிக்கப்பட்டது. புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி உலோகத்தில் பதிக்கும் முறை பரவும் வரையில், தமிழ்ப் புத்தகத்தின் படம் பெரும்பாலும் மரத்திலிருந்தே வந்தது. அத்தகைய தாள்களைக் கடலைப் பொட்டலமாக மாறுவதற்கு ஒரு நாள் முன்னதாகச் சென்று மீட்பதே என் வேலையாக இருந்தது.

கண் பழகப் பழகச் சில நுட்பங்கள் பிடிபட்டன. தாளைப் புழு அரித்தால் துளை மறுபக்கம் வரை போகும். கட்டையைப் புழு அரித்திருந்தாலோ, தாள் முழுமையாகவே இருக்கும். படத்தில் மட்டும் சிறு வெண்புள்ளி விழும். கட்டை வெடித்திருந்தால் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வெடிப்பு நாளுக்கு நாள் அகலும், புழுத்துளை பெருகும். ஆகவே ஆண்டு அச்சிடப்படாத இரு பதிப்புகளுள் எது முந்தியது என்பதைப் படத்தின் காயங்களைக் கொண்டே கூறிவிடலாம். மனிதருடைய வயதைச் சுருக்கங்களைக் கொண்டு அறிவதைப் போன்றதுதான்.

ஒரே கட்டை பல கதைகளுக்கு உழைத்ததையும் கண்டேன். ஒரு நூலில் அரிச்சந்திரனாக அமர்ந்திருந்த அரசன் மற்றொன்றில் நளனாக அமர்ந்திருந்தான். உடை மாறவில்லை, மீசையும் மாறவில்லை. சிக்கனத்தை எண்ணி நான் நகைத்ததுண்டு. பின்னர் ஐரோப்பியப் புத்தகங்களின் வரலாற்றைப் படித்தபோது அந்நகைப்பு அடங்கியது. 1493இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் வெளியான உலக வரலாற்று நூல், மரச்செதுக்குப் புத்தகங்களின் மணிமுடி எனப் போற்றப்படுவது. அதில் 1809 படங்கள் உண்டு. அவற்றை அச்சிட்ட கட்டைகளோ 645 மட்டுமே. அங்கும் ஒரே முகம் பல மன்னர்க்கு உதவியிருக்கிறது. ஒரே கோட்டை பல நகரங்களாகியிருக்கிறது.

தமிழுக்கு அச்சு வந்த கதையும் இத்தேடலில்தான் எனக்கு உயிருள்ளதாயிற்று. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். முகப்பில் படமும் உண்டு. 1586இல் அவருடைய 'அடியார் வரலாறு' வெளிவந்தது. 1679இல் அம்பலக்காட்டில் புரோயென்சா அடிகளாரின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி அச்சிடப்பட்டது. அதற்கான தமிழ் எழுத்துகளை நம் நாட்டவர் ஒருவர் மரத்தில் செதுக்கினார் என்பர். வார்த்தெடுத்த ஈயம் அன்று. ஒவ்வோர் எழுத்தும் ஒரு குட்டிச் சிற்பம்.

இவை இன்று எங்கே இருக்கின்றன? 'தம்பிரான் வணக்கம்' அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 'அடியார் வரலாறு', அகராதி ஆகியவற்றின் படிகள் வத்திக்கான் நூலகத்தில் உள்ளன. அயல்நாட்டு நூலகங்களில் உறங்கிய இத்தகைய நூல்களைத் தமிழுலகம் அறியச் செய்ததில் தனிநாயகம் அடிகளாருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த அகராதியை அவர் 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகவும் கொணர்ந்தார்.

நம் கரைகளில் அச்சான நூல்கள் நம்மிடம் இல்லையே என்று நான் பலகாலம் வருந்தினேன். நம்மவர்க்குப் பேணத் தெரியவில்லை என்று வகுப்பறையிலேயே கடிந்துகொண்டும் இருக்கிறேன். நம் வெப்பமும் ஈரமும் கரையானும் காரணம் என்பது உண்மையே. ஆயின் வேறொரு காரணமும் உண்டு என்பதை உணர எனக்கு இரு வீடுகள் தேவைப்பட்டன. ஒன்று திருவரங்கத்தில் இருந்தது, மற்றொன்று பாலக்கரையில்.

திருவரங்கம் அச்சுத் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர். சங்கரரின் நூல்கள் அனைத்தையும் 1910இல் இருபது தொகுதிகளாக அழகுற வெளியிட்ட வாணி விலாஸ் அச்சகம் அங்கேதான் இருந்தது. என்னோடு பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர் வடக்கு உத்தர வீதியில் குடியிருந்தார். ஒருநாள் அவர், "எங்கள் அம்மாவிடம் நீங்கள் தேடுகிற மாதிரிப் புத்தகம் ஒன்று இருக்கிறது சார், வந்து பாருங்கள்" என்று அழைத்தார்.

சென்றேன். முதலும் சில ஏடுகளும் இழந்த இராமாயணக் கதைப் புத்தகம் அது. ஏறத்தாழப் பத்துப் பக்கத்துக்கு ஒரு மரச்செதுக்குப் படம். அம்மையார் நண்பகல் உணவுக்குப் பின் ரேழியில் அமர்ந்து, நாளும் சில பக்கங்கள் மெல்லிய குரலில் படிப்பார். கதை முடிந்ததும் கடைசி ஏட்டிலுள்ள பட்டாபிஷேகப் படத்தில் சீதையின் நெற்றியில் குங்குமம் இடுவார். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். நான் படங்களை மட்டும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதைக் கண்டு, "படம் பார்க்கத்தான் வந்தீர்களா? கொஞ்சம் படித்தும் பாருங்கள்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். என் கண் கட்டையின் வெடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தது.

1995இல் அம்மையார் காலமானார். சில திங்கள் கழித்து நண்பர் அப்புத்தகத்தை ஒரு பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "எங்கள் வீட்டில் இனி இதைப் படிப்பவர் இல்லை. உங்களிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும்" என்றார். விலை பேசவும் அவர் உடன்படவில்லை.

பத்திரமாக வைத்துக்கொள்வது எவ்வாறு என்பதை நான் அன்று அறிந்திருந்ததாக நினைத்தேன். பட்டாபிஷேகப் படத்தில் குங்குமம் அடுக்கடுக்காகப் படிந்து, சீதையின் முகத்தையே மறைத்திருந்தது. அருகில் நின்ற இலக்குவனின் தோளிலும் சிவப்பு பரவியிருந்தது. பள்ளியின் தமிழ் விழாவில் என் நூல்களைக் கண்காட்சியாக வைக்கவிருந்தேன். இரண்டு மாலைப்பொழுதுகள் அமர்ந்து, மென்மையான தூரிகையாலும், ரொட்டியின் உட்பகுதியை உருட்டியும், இறுதியில் ஈரப் பஞ்சாலும் அக்குங்குமத்தை நீக்கினேன். கோடுகள் தெளிந்தன. சீதையின் கண் தெரிந்தது. செதுக்கியவனின் கைத்திறத்தை வெளிக்கொணர்ந்துவிட்டதாக மகிழ்ந்தேன். கண்காட்சியில் அந்த ஏட்டைத்தான் விரித்து வைத்தேன், பலர் பாராட்டினர்.

அடுத்த மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக்காக நண்பரின் தங்கை மும்பையிலிருந்து வந்திருந்தார். அம்மாவின் புத்தகத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று அவர் விரும்புவதாக நண்பர் சொல்லியனுப்ப, நானே அதை எடுத்துக்கொண்டு ஒன்றாம் எண் பேருந்தில் திருவரங்கம் போனேன். அந்தப் பெண்மணி பட்டுத்துணியைப் பிரித்தார். இடையில் எந்தப் பக்கத்திலும் நிற்காமல் நேரே கடைசி ஏட்டுக்குப் போனார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"குங்குமம் எங்கே சார்?"

"சுத்தம் செய்துவிட்டேன் அம்மா. படமே தெரியாமல் மறைந்திருந்தது. இப்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்."

"ஆமாம், தெளிவாகத்தான் இருக்கிறது" என்றார். பிறகு அந்த வெற்று நெற்றியின்மீது தம் விரலை வைத்தார். "அம்மாவின் விரல் இங்கே இருந்தது சார்."

அவர் சினந்து பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நண்பர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்தினேன். "இனிமேல் எங்கே இருந்தால் என்ன? உங்களிடமே இருக்கட்டும்" என்று மீண்டும் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

பேருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தபோது மடியிலிருந்த புத்தகம் கனத்தது. ஓர் அம்மையார் பல ஆண்டுகள் ஒவ்வொரு நாளாக இட்டுச் சேர்த்ததை நான் இரண்டு மாலைகளில் துடைத்துவிட்டேன். எவரோ பெயரறியாத ஒருவர் செதுக்கிய கோடு போன்ற கோடுகள் வேறு படிகளிலும் இருக்கக்கூடும். அந்தக் குங்குமம் இருந்த படி உலகில் ஒன்றே. அரிய பொருளைத் தேடி அலைந்தவன், கையிலிருந்த ஒரே அரிய பொருளை அழுக்கென்று எண்ணிக் களைந்தான். வீட்டுக்கு வந்து விளக்கேற்றியபோது தந்தையாரின் கட்டை கண்ணில் பட்டது. வெரோணிக்காளும் துடைத்தவள்தான். அவள் துடைத்ததால் முகம் பதிந்தது. நான் துடைத்ததால் விரல் அழிந்தது. வேறுபாடு துணியில் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தாள். நான் படத்தைப் பார்த்தேன்.

பழங்கால ஐரோப்பாவிலும் இத்தகைய சிக்கல் ஒன்று இருந்திருக்கிறது. திருப்பலிப் புத்தகத்தில் நற்கருணை மன்றாட்டு தொடங்குமிடத்தில் பாடுபட்ட ஆண்டவரின் படம் இருக்கும். குரு அதனை முத்தி செய்வது வழக்கம். ஆண்டாண்டு முத்தத்தால் திருமுகம் தேய்ந்தது. ஆகவே ஓவியர் சிலர் அப்பக்கத்தின் அடியில் சிறு சிலுவையொன்றைத் தனியாக வரைந்தனர்; முத்தம் அங்கே விழட்டும், படம் பிழைக்கட்டும் என்று. எனினும் பல புத்தகங்களில் அச்சிலுவையையும் தாண்டி முத்தங்கள் மேலே ஏறியிருக்கின்றன என்று படித்திருக்கிறேன். அன்பு தனக்கு ஒதுக்கிய இடத்தில் நிற்பதில்லை.

இரண்டாவது வீடு பாலக்கரையில், சகாய மாதா ஆலயத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருந்தது. 2004ஆம் ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் வந்து, தம் பாட்டியிடம் பழைய சிலுவைப்பாதைப் புத்தகம் ஒன்று இருப்பதாகக் கூறினார். அத்தகைய செய்தி கேட்கும்போதெல்லாம் கட்டையைக் கைக்குட்டையில் சுற்றி உடன் எடுத்துப் போவது என் வழக்கம். இருபத்தைந்து ஆண்டுகளாக அது எந்தப் புத்தகத்தோடும் பொருந்தியதில்லை.

பாட்டிக்கு எண்பத்தைந்து வயதிருக்கும். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முகப்பு இல்லை, ஓரங்கள் எண்ணெய் ஏறிப் பழுத்திருந்தன. ஆறாம் நிலைக்குப் புரட்டினேன். துணியின் மடிப்புகள், விரல்கள், முக்காட்டின் வளைவு ஆகியவை ஒவ்வொன்றாகப் பொருந்தின. கட்டையின் வெடிப்பு அப்படத்தில் மயிரிழை போன்ற வெண்கோடாக இருந்தது. புழுத்துளைகளின் வெண்புள்ளிகள் இல்லை. வெடிப்புக்குப் பின், புழுவுக்கு முன் அச்சிட்டது. ஐயமே இல்லை, என் தந்தையாரின் கட்டை பெற்ற பிள்ளைதான் அது.

ஆனால் துணியின் நடுவே முகம் இல்லை. அந்த இடத்தில் தாள் வெங்காயத் தோல்போல் மெலிந்து, மறுபக்கத்து எழுத்துகள் தெரிந்தன. பாட்டியின் மாமியாரும், அவருக்குப் பின் பாட்டியும், தவக்கால வெள்ளிதோறும் அவ்விடத்தை முத்தி செய்திருக்கின்றனர்.

என் சட்டைப் பையில் இரண்டாயிரம் ரூபாய் இருந்தது. பேரன் விற்க இசைவார் என்பதும் எனக்குத் தெரியும். சேகரிப்பவர்கள் சொல்லத் தயங்கும் ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். முதியோர் தர மறுத்தால் அவர்தம் மக்களிடம் தனியே பேசுவது எங்கள் வழிகளில் ஒன்று. நானும் முன்னர் அவ்வாறு சிலமுறை செய்திருக்கிறேன். அன்று என் நாவில் அச்சொல் வந்து நின்றது. பட்டாபிஷேகப் படத்தின்மீது ஒரு விரல் அமர்ந்ததை நினைத்தேன். பக்கங்களைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் பாட்டியிடம் கேட்டேன். "எடுத்துக்குங்க தம்பி. கையிலே வச்சுப் பார்க்கத்தானே புத்தகம்" என்றார்.

வீடு திரும்பியும் மனம் அடங்கவில்லை. அவரிடம் முகம் தேய்ந்த தாள் இருக்கிறது. என்னிடம் அந்த முகம் இருக்கிறது. தெரிந்த சிறிய அச்சகமொன்றில் கொஞ்சம் மையும் உருளையும் இரவல் வாங்கினேன். தாளைச் சற்றே நனைத்துக் கட்டைமேல் பரப்பி, கரண்டியின் முதுகால் தேய்த்தேன். நாலைந்து தாள்கள் பாழாயின. ஆறாவது தாளை உரித்தபோது, முள்முடி சூடிய முகம் என்னை நோக்கியது. வெடிப்பு இப்போது அகன்ற கோடாகவும், துளைகள் மூன்று புள்ளிகளாகவும் விழுந்திருந்தன. எனினும் முகத்துக்கு ஊறில்லை.

அடுத்த வந்த தவக்கால வெள்ளியன்று அத்தாளைப் பாட்டியிடம் கொடுத்தேன். கண்ணருகே பிடித்துப் பார்த்து மகிழ்ந்தார். "உங்க அப்பா காப்பாத்தின கட்டையா? நல்லா இருக்கணும் தம்பி" என்று வாழ்த்தி, ஆறாம் நிலைப் பக்கத்தில் அதைச் செருகினார். மாலையில் வீட்டிலேயே சிலுவைப்பாதை தொடங்கியது. கோவிலுக்கு நடக்க அவரால் இயலவில்லை. நானும் முழந்தாளிட்டேன். ஆறாம் நிலை வந்தது. பாட்டி நான் கொடுத்த தாளை மெல்ல ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்த பழைய ஏட்டின் வெறுமையை முத்தி செய்தார்.

செபம் முடிந்தபின் கேட்டேன்: "புதுத் தாளில் முகம் தெளிவாகத் தெரிகிறதே அம்மா?"

"இதிலேயும் தெரியுது தம்பி" என்றார் அவர்.

2009இல் பாட்டி இறந்தார். அடக்கச் சடங்குக்குப் போயிருந்தேன். செபமாலையோடு அப்புத்தகத்தையும் அவருடைய கைகளில் வைத்திருந்தனர். பெட்டியை மூடுமுன் பேரன் என்னருகே வந்து, "சார், நீங்கள் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்" என்றார். நான் அறிந்தவரையில் அந்தப் பதிப்பின் வேறு படி எங்கும் இல்லை. நான் முப்பதாண்டுகள் தேடிய புத்தகம் அது. "பாட்டியின் கையிலேயே இருக்கட்டும்" என்றேன்.

நான் செய்தது சரியா என்று சில இரவுகளில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைப்பேன். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்வைத் தொடங்கிய அவர் (1907 - 1992), பிறர் எறிந்த நூல்களையும் இதழ்களையும் அறிவிப்புத் தாள்களையும்கூட வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப்பின் அச்செல்வத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994இல் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. அவர் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ? நூலகத்தில் இருந்திருந்தால் அப்புத்தகம் ஆய்வாளர் பலருக்கு உதவியிருக்கும். என்னிடம் இருப்பவை புகைப்படங்களே. அவற்றில் தாளின் மெலிவைத் தொட்டுணர முடியாது. இந்தக் கேள்விக்கு முழுமையான விடை எனக்கு இன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று புரிந்தது. கொல்லத்துப் பதினாறு பக்க நூல் ஏன் கடல் கடந்த நூலகத்தில் மட்டும் பிழைத்திருக்கிறது? அங்கே அதனை எவரும் செபித்துத் தேய்க்கவில்லை. முத்துக்குளித்துறையில் ஈரக்கைகள் புரட்டிய படிகள் புரட்டியவர்களோடு போயின. இதனை நான் ஆவணம் கொண்டு நிறுவ இயலாது. பாட்டியின் புத்தகத்தைக் கொண்டு நம்புகிறேன். நம்மவர்க்குப் பேணத் தெரியவில்லை என்று வகுப்பறையில் கடிந்த சொல்லை, காலம் கடந்து, இங்கே திரும்பப் பெறுகிறேன். நூலைப் பேணுவது ஒரு நன்றி. நூலைத் தேயும்வரை பயன்படுத்துவது மற்றொரு நன்றி. இரண்டும் வேண்டும். இரண்டாவதை அறியாதவன் முதலாவதைச் செய்யத் தொடங்கினால், என்னைப்போல் ஈரப் பஞ்சோடு அமர்ந்துவிடுவான்.

இப்போது நான் எந்தப் புத்தகத்தையும் துடைப்பதில்லை. உலர்ந்த தூரிகையால் தூசி மட்டும் தட்டுகிறேன். எண்ணெய்க் கறை, மெழுகுத் துளி, குழந்தையின் கிறுக்கல், ஓரத்தில் எழுதிய கடன் கணக்கு என எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. ஒவ்வொரு நூலிலும் ஒரு துண்டுத்தாள் வைத்து, அது எவ்வூரில், எத்தகையவர் கையிலிருந்து, என்ன பயன்பாட்டோடு வந்தது என்று எழுதுகிறேன். திருவரங்கத்து இராமாயணத்தின் துண்டுத்தாளில், கடைசிப் படத்தில் குங்குமம் இருந்ததையும், அதை இட்டவர் யார் என்பதையும், நீக்கியவன் நான் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பின் இந்நூல்கள் ஒரு நூலகத்துக்குச் செல்லும்போது இத்தாள்களும் உடன் செல்லவேண்டும் என்பது என் விருப்பம்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் பாட்டியின் பெட்டியிலும் அட்டையற்ற புத்தகம் ஒன்று இருக்கக்கூடும். பழைய தாள் கடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். படமிருந்தால், அதில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அருகில் அமர்ந்து, அது யார் கையால் தேய்ந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அதைத் துடைத்துவிடாதீர்கள்.